மேய்ப்பரை யார் கேட்பது?

வாசிக்கும் பழக்கமுள்ள பெங்களூருக் கிறிஸ்தவக் குடும்பங்களில் இரண்டு பேரை எல்லாருக்கும் தெரியும். ஒருவர் ழான் வானியே. மனவளர்ச்சி குன்றியவர்களோடு ஒரே வீட்டில் வாழ்ந்த கனடா நாட்டுக் கத்தோலிக்கர். இன்னொருவர் ரவி சக்கரியாஸ். சென்னையில் பிறந்து, உலகப் பல்கலைக்கழக மேடைகளில் கிறிஸ்தவ நம்பிக்கைக்காக வாதாடிய பிரசங்கியார். வானியே 2019 மே மாதம் இறந்தார். ரவி 2020 மே மாதம் இறந்தார். இருவரையும் புனிதர்களைப் போலத்தான் வழியனுப்பினார்கள். இறந்து ஓராண்டு முடிவதற்குள் இருவரைப் பற்றியும் உண்மை வெளியே வந்தது. ஆன்மிக உதவி தேடியும் வேலைக்காகவும் தங்களிடம் வந்த பெண்களை இருவருமே பல ஆண்டுகளாகப் பாலியல் ரீதியாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

அன்று முதல் சபைகளில் கேட்கப்படும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். அவர் சொன்னதெல்லாம் பொய்யா? கூடவே இருந்தவர்களுக்கா தெரியாமல் போனது? இறந்தவரைப் பற்றி இப்போது பேசி என்ன பயன்? நம் சபையில் இப்படி நடந்தால் எங்கே போய்ச் சொல்வது? கேட்பவர்கள் விசுவாசத்தை விட்டுப் போனவர்கள் அல்லர். ஞாயிறுதோறும் ஆராதனைக்குப் போகிறவர்கள். மல்லேஸ்வரத்தில் புனித பேதுரு குருமடம், மில்லர்ஸ் சாலையில் 1910இல் தொடங்கிய ஐக்கிய இறையியல் கல்லூரி என்று நாடெங்கும் போகப்போகும் குருக்களையும் போதகர்களையும் பயிற்றுவிக்கும் ஊர் இது. இந்தக் கேள்விகளுக்கு நேரான பதில் இங்கே கிடைக்க வேண்டும்.

முதலில் வானியே. அவர் கதை நம் ஊரையும் தொட்டுச் செல்கிறது. அவர் தொடங்கிய லார்ஷ் அமைப்பின் முதல் இந்திய இல்லம் 1970இல் பெங்களூருவில்தான் திறக்கப்பட்டது. ஆஷா நிகேதன் என்பது அதன் பெயர். லார்ஷ் பிறந்தது 1964இல், பாரிசுக்கு வடக்கே த்ரோஸ்லி என்ற சிறிய கிராமத்தில். கனடாவின் ஆளுநர் நாயகமாக இருந்தவரின் மகன், கடற்படையில் பணியாற்றியவர், தத்துவத்தில் முனைவர். அப்படிப்பட்டவர் காப்பகத்தில் அடைபட்டுக் கிடந்த மனவளர்ச்சி குன்றிய ஆண்களைத் தன்னோடு வாழ அழைத்து வந்தார். உதவியாளர், நோயாளி என்ற பிரிவினை அங்கே இல்லை. ஒரே மேசையில் சாப்பாடு, ஒரே கூரையின் கீழ் தூக்கம். பெங்களூரு இல்லத்தில் இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் சேர்ந்து வாழ்ந்தார்கள். பின்னர் கொல்கத்தாவிலும் சென்னையிலும் கேரளத்திலும் இல்லங்கள் வந்தன.

தனக்குப் பிறகு இந்தப் பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்று விழித்துக் கிடக்கும் தாய்மாருக்கு அப்படியொரு வீடு என்ன பொருள் தரும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. அந்த வேலை உண்மை. அதனால்தான் அடுத்து வந்த செய்தி அவ்வளவு வலித்தது.

2020 பிப்ரவரியில் லார்ஷ் அமைப்பே ஒரு விசாரணை முடிவை வெளியிட்டது. 1970க்கும் 2005க்கும் இடையில் 6 பெண்களோடு வானியே பாலியல் உறவு வைத்திருந்தார். ஆன்மிக வழிகாட்டல் என்ற பெயரில் அவர்களை வசப்படுத்தினார் என்றது அது. பின்னர் பல துறை ஆய்வாளர்கள் கொண்ட குழுவை நியமித்து, கடிதங்கள், திருச்சபை ஆவணங்கள் எல்லாவற்றையும் அவர்கள் முன் வைத்தார்கள். 2023 ஜனவரியில் வந்த அறிக்கை, பாதிக்கப்பட்ட பெண்கள் குறைந்தது 25 பேர் என்றும், இது 1952 முதல் 2019 வரை நீண்டது என்றும் சொன்னது. அவர்களில் மனவளர்ச்சி குன்றியவர் எவரும் இல்லை. பலர் உதவியாளர்களாக வந்தவர்கள், சிலர் துறவியர்.

வானியேவுக்கு ஒரு குரு இருந்தார். தோமா பிலிப் என்ற டொமினிக்கன் சபைக் குரு. பெண்களோடு தவறாக நடந்ததற்காகவும், அதற்கு மறைஞானம் என்று விளக்கம் சொன்னதற்காகவும் 1956இலேயே வத்திக்கான் அவரைத் தண்டித்து எல்லாக் குருத்துவப் பணியிலிருந்தும் விலக்கியது. அவரைச் சுற்றியிருந்த சிறு கூட்டத்தைக் கலைத்தது. அந்தக் கூட்டத்தில் வானியேவும் ஒருவர். அவர் குருவைக் கைவிடவில்லை. ரகசியமாகத் தொடர்பு வைத்துக்கொண்டார். 1964இல் வானியே த்ரோஸ்லி கிராமத்துக்குப் போனதற்குக் காரணமே தோமா பிலிப் அங்கே இருந்ததுதான். 2015இல் குருவின் குற்றங்கள் வெளியானபோது, தனக்கு ஒன்றும் தெரியாது என்றார் வானியே. அது பொய். 1950களிலிருந்தே அவருக்குத் தெரியும். குருவின் அதே வழியை அவரும் பின்பற்றிக்கொண்டிருந்தார்.

அறைக்குள் நடந்ததைப் பெண்கள் சொன்ன விதம் ஏறக்குறைய ஒன்றே. மனம் உடைந்து, ஜெபத்தில் தெளிவு தேடி அவரிடம் போயிருக்கிறார்கள். அவர் ஜெபிப்பார், கைகளைப் பற்றிக்கொள்வார், பிறகு எல்லை மீறுவார். நடப்பது நம் செயல் அல்ல, இயேசுவுக்கும் மரியாளுக்கும் இடையிலான அன்பு என்பார். நீ தேர்ந்துகொள்ளப்பட்டவள், இது ரகசியம், வெளியே சொன்னால் புரியாது என்பார். கடவுளின் பெயரைச் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டால் அந்தப் பெண் வேறு யாரிடம் போய் ஜெபிப்பது? வழிகாட்டி என்று ஒருவரைத்தான் அவளுக்குத் தெரியும்; அவரே தவறு செய்கிறவராகவும் இருக்கிறார்.

ரவி சக்கரியாஸின் உலகம் வேறு. 1946இல் சென்னையில் பிறந்தார், தில்லியில் வளர்ந்தார், இளம் வயதில் தற்கொலைக்கு முயன்று, மருத்துவமனைப் படுக்கையில் விவிலியம் கேட்டு மனம் மாறியதாகத் தன் சாட்சியில் சொல்வார். 20 வயதில் கனடா போனார். 1984இல் தன் பெயரிலேயே ஊழியம் தொடங்கினார். அட்லாண்டா அருகே தலைமையகம், பல நாடுகளில் கிளைகள். ஆங்கிலம் படித்த, கேள்வி கேட்கிற இளைஞர்களுக்கு அவர் பெரிய ஆறுதல். விசுவாசமும் அறிவும் சண்டை போட வேண்டியதில்லை என்று மேடையில் நிரூபித்த தமிழ் மண்ணின் மனிதர் என்ற பெருமையும் நமக்கு இருந்தது. அவருடைய நினைவு ஆராதனையில் அப்போதைய அமெரிக்கத் துணை அதிபர் மைக் பென்ஸ் பேசினார்.

நான்கு மாதம் கழித்து, 2020 செப்டம்பரில், ஒரு கிறிஸ்தவப் பத்திரிகை அவருடைய மறுபக்கத்தை எழுதியது. அட்லாண்டா பகுதியில் அவர் பங்குதாரராக இருந்த மசாஜ் நிலையங்களில் வேலை செய்த மூன்று பெண்கள் பேசினார்கள். ஊழியம் ஒரு சட்ட நிறுவனத்தை விசாரிக்கச் சொன்னது. 2021 பிப்ரவரியில் வந்த அறிக்கை பத்திரிகை எழுதியதைவிட மோசமாக இருந்தது. முதுகுவலி அவருக்கு உண்மையிலேயே இருந்தது. அதைக் காரணம் காட்டியே ஊர் ஊராக மசாஜ் செய்யும் பெண்களைத் தேடியிருக்கிறார். அவருடைய கைபேசிகளில் 200க்கும் மேற்பட்ட மசாஜ் பெண்களின் தொடர்பு எண்கள் இருந்தன. ஏழைகளுக்கு உதவ என்று ஊழியத்தில் இருந்த நிதியிலிருந்து அவருக்கு மசாஜ் செய்த நான்கு பெண்களுக்குப் பணம் போயிருக்கிறது. அப்படி உதவி பெற்ற ஒரு பெண், அதன்பின் தன்னிடம் உடலுறவைக் கட்டாயமாக்கினார் என்று சாட்சி சொன்னார். அவர் சொன்னது பாலியல் வன்முறையின் வரையறைக்குள் வருகிறது என்கிறது அறிக்கை. அந்த வாய்ப்புக்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லித் தன்னோடு ஜெபிக்கவும் வைத்தாராம். நீ வெளியே பேசினால் என் பெயர் கெடும், அதனால் லட்சக்கணக்கான ஆத்துமாக்கள் இரட்சிப்பை இழக்கும், அந்தப் பாவம் உன் தலையில் என்று மிரட்டினாராம்.

இந்த மிரட்டலைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒரு ஏழைப் பெண் வாயை மூடிக்கொள்வதற்கும் லட்சம் பேர் பரலோகம் போவதற்கும் அவர் முடிச்சுப் போடுகிறார். கத்தோலிக்க வானியேவும் சுவிசேஷகர் ரவியும் ஒருவரையொருவர் பார்த்துக் கற்றவர்கள் அல்லர். ஆனாலும் இருவர் கையிலும் இருந்த கருவி ஒன்றே: அந்தப் பெண் உண்மையாக நேசித்த கடவுளையே அவளுக்கு எதிராகத் திருப்புவது. இதைக் கள்ள உறவு என்று சொல்லிக் கடந்துபோகிறவர்கள் இந்த இடத்தைத்தான் தவறவிடுகிறார்கள். கள்ள உறவில் இரண்டு பேர் சமமாக நிற்கிறார்கள். இங்கே ஒருவர் கையில் சம்பளம், மரியாதை, சபையில் இடம், பரலோகத்தின் சாவி எல்லாமே இருக்கின்றன. அவள் சம்மதித்தாள் என்ற பேச்சுக்கு இங்கே அர்த்தமில்லை.

சரி, கூட இருந்தவர்கள் என்ன செய்தார்கள்? ரவி விஷயத்தில் 2017இலேயே ஒரு கனடியப் பெண் குற்றம் சாட்டினார். ரவி அவர்மீதும் அவர் கணவர்மீதும் வழக்குப் போட்டார். அந்த ஆண்டு இறுதியில் ரகசிய ஒப்பந்தத்தோடு வழக்கு முடிந்தது. அவர்கள் எதையும் வெளியே பேசக் கூடாது என்று ஆனது. நிர்வாகக் குழு தன் நிறுவனரை நம்பியது. அந்தப் பெண்ணைப் பணம் பறிக்க வந்தவள் என்றது. அவருடைய கைபேசிகளை அன்று யாரும் வாங்கிப் பார்க்கவில்லை. அவர் இறந்த பிறகு பார்த்தபோது எல்லாம் அதில் இருந்தது. குழு பின்னர் பகிரங்கமாக அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டது. அதற்குள் மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக அவர் பொய்க்காரி என்ற பட்டத்தைச் சுமந்துவிட்டார்.

அந்த நிர்வாகக் குழுவில் இருந்தவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்லமாட்டேன். அவர்களில் பலர் ரவியின் பிரசங்கத்தால் வாழ்க்கை மாறியவர்கள். அதுவே சிக்கல். யாரால் தான் ஆசீர்வதிக்கப்பட்டோமோ அவரிடம் கணக்குக் கேட்கிற தைரியம் எளிதில் வராது. சம்பளமும் அவரிடமிருந்து வருகிறதென்றால் சுத்தமாக வராது. நம் ஊர்ச் சுயாதீன சபைகளை நினைத்துப் பாருங்கள். பல இடங்களில் ஸ்தாபகப் பாஸ்டரே அறக்கட்டளைத் தலைவர், மனைவி பொருளாளர், தம்பி செயலாளர், மகன் அடுத்த பாஸ்டர். எல்லாரும் நல்லவர்களாக இருக்கலாம். ஆனால் பாஸ்டர்மேல் புகார் என்றால் அதை வாங்குவதற்கு அந்த மேசையில் ஆளே இல்லை. கத்தோலிக்க, தென்னிந்தியத் திருச்சபை (சிஎஸ்ஐ) அமைப்புகளில் மேலதிகாரி என்று ஒருவர் இருக்கிறார். ஆனால் அங்கேயும் பழைய பழக்கம் வேறு: ஒருவரை ஒரு பங்கிலிருந்து இன்னொரு பங்குக்குச் சத்தமில்லாமல் மாற்றிவிடுவது. பிரச்சினை பேருந்து ஏறி அடுத்த ஊருக்குப் போகும்.

கர்நாடகத்தில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. அதை மழுப்பாமல் பேச வேண்டும். 2008 செப்டம்பரில் மங்களூரிலும் சுற்றுவட்டாரத்திலும் தேவாலயங்களும் ஜெபக்கூடங்களும் தாக்கப்பட்டன. 2022இல் மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது. வீட்டு ஜெபக்கூட்டத்தைக்கூடப் பயந்து பயந்து நடத்துகிற விசுவாசிகள் இருக்கிறார்கள். இந்த நிலையில் நம் ஊழியர்மேல் நாமே புகார் கொடுத்தால் எதிராளிக்கு ஆயுதம் கொடுத்ததாகாதா என்ற பயம் வெறும் சாக்கு அல்ல; உண்மையான பயம். ஆனால் அந்த பயத்தின் முழு விலையையும் ஒரே ஒருத்தி கட்டுகிறாள். அவளும் கிறிஸ்தவள்தான். சிறுபான்மைக்குள்ளும் சிறுபான்மை அவள். வெளியே உள்ளவர்களுக்குப் பயந்து அவளைப் பலியிடுவதற்குப் பெயர் சபையைக் காப்பது அல்ல. இன்னொன்று: மூடி வைத்த விஷயம் கடைசியில் வெளியே வராமல் இருந்ததே இல்லை. வரும்போது, மூடி வைத்தவர்களின் பெயரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வருகிறது.

இந்த இடத்தில் யாராவது ஒரு வசனத்தைச் சொல்வார்கள். அபிஷேகம் பெற்றவர்மேல் கை வைக்கக் கூடாது என்பது அது. சபையில் இதைக் கேட்காதவர் இருக்கமாட்டார். 105ஆம் சங்கீதத்தில் அது எங்கே வருகிறது என்று திறந்து பாருங்கள். சொந்த நிலமின்றி, எண்ணிக்கையில் குறைந்து, நாடு நாடாக அலைந்த ஆபிரகாமின் குடும்பத்தை ஒடுக்கக் கூடாது என்று ராஜாக்களைக் கடவுள் எச்சரித்த இடம் அது. பலவானிடமிருந்து பலவீனரைக் காக்கச் சொன்ன வார்த்தை. அதை எடுத்துப் பலவீனரிடமிருந்து பலவானைக் காக்கப் பயன்படுத்துகிறோம். இன்னொரு வசனம், மூப்பர்மேல் குற்றச்சாட்டை இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் ஏற்காதே என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியது. அது நியாயமான பாதுகாப்பு. ஆனால் அடுத்த வசனத்தில், பாவம் செய்கிற மூப்பரை எல்லார் முன்பாகவும் கண்டிக்கச் சொல்கிறார் பவுல். முதல் பாதியை மனப்பாடம் செய்தவர்கள் இரண்டாம் பாதியை வாசிப்பதில்லை. தாவீது ராஜா பத்சேபாளை எடுத்துக்கொண்டு அவள் கணவனைக் கொன்றபோது, அரண்மனைக்குள் போய் நீதான் அந்த மனிதன் என்று ராஜாவின் முகத்துக்கு நேரே சொன்ன நாத்தானை வேதம் தீர்க்கதரிசி என்றே அழைக்கிறது. துரோகி என்று எங்கும் அழைக்கவில்லை.

குற்றச்சாட்டு வந்தாலே குற்றம் நிரூபணமாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. கேரளத்தில் நடந்த இரண்டு வழக்குகளைச் சேர்த்து வைத்துப் பார்க்கலாம். ஜலந்தர் ஆயராக இருந்த பிராங்கோ முலக்கல்மீது 2018 ஜூனில் ஒரு அருள்சகோதரி காவல்துறையில் புகார் கொடுத்தார். அதற்கு முன்பே திருச்சபைக்குள் சொல்லிப் பார்த்திருந்தார். அவருக்காக ஐந்து சகோதரிகள் கொச்சியில் தெருவில் உட்கார்ந்து போராடிய பிறகுதான், அந்தச் செப்டம்பரில் ஆயர் கைதானார். 2022 ஜனவரியில் கோட்டயம் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. மேல்முறையீடு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2023இல் அவர் பதவி விலகினார். சட்டத்தின்முன் அவர் விடுவிக்கப்பட்டவர். அதை மதித்துத்தான் பேச வேண்டும். ஆனால் தங்கள் குரலைத் தங்கள் திருச்சபையே கேட்க வேண்டும் என்பதற்காகக் கன்னியர் தெருவுக்கு வர வேண்டியிருந்தது என்பதும் நடந்த உண்மைதான்.

கண்ணூர் மாவட்டம் கொட்டியூரில் நடந்தது வேறு. பங்குத்தந்தையாகவும் பள்ளி நிர்வாகியாகவும் இருந்த ராபின் வடக்கஞ்சேரியால் 16 வயதுச் சிறுமி கர்ப்பமானாள். 2017இல் குழந்தை பிறந்தது. விசாரணை வந்தபோது சிறுமியின் தகப்பன் என்ன சொன்னார் தெரியுமா? தானே காரணம் என்றார். ஒரு தகப்பன் தன் மகளை நாசமாக்கியவன் என்ற பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு பங்குத்தந்தையைக் காக்க முன்வரும் அளவுக்கு ஒரு ஊரில் அங்கியின் பாரம் இருந்திருக்கிறது. 2019இல் நீதிமன்றம் அந்தக் குருவுக்கு 20 ஆண்டுச் சிறை விதித்தது; பின்னர் உயர் நீதிமன்றம் அதை 10 ஆண்டாகக் குறைத்தது. வத்திக்கானும் அவரைக் குருத்துவத்திலிருந்து நீக்கியது.

ஊழியர்கள் தங்களுக்கென்று விதிகள் வைத்துக்கொள்வதில்லையா என்று கேட்கலாம். வைத்திருக்கிறார்கள். அமெரிக்கச் சுவிசேஷகர் பில்லி கிரஹாமும் அவருடைய குழுவினரும் 1948இல் கலிபோர்னியாவின் மொடெஸ்டோவில் உட்கார்ந்து நான்கு விஷயங்களில் உறுதி எடுத்தார்கள். பணம், பெண்கள், கூட்டத்துக்கு வந்தவர்களின் எண்ணிக்கையை ஊதிப் பெருக்குவது, உள்ளூர் சபைகளைக் குறை சொல்வது ஆகியவை அந்த நான்கு. மனைவியைத் தவிர வேறு பெண்ணோடு தனியாக இருப்பதில்லை என்ற பழக்கம் அப்படித்தான் ஊழியர்களிடையே பரவியது. தானும் அப்படித்தான் என்று ரவி 2017இல் அறிக்கை விட்டார். விதி நல்லதுதான். ஆனால் கடைப்பிடிக்கிறாரா என்று பார்க்க அவரைத் தவிர வேறு யாரும் இல்லாதபோது அது வெறும் வாய்ச்சொல். ஹோட்டல் அறைக்கான பில்லை யார் பார்த்தது? உதவி நிதியிலிருந்து போன ஒவ்வொரு காசோலைக்கும் யார் காரணம் கேட்டது? இப்படிச் சலிப்பூட்டும் கேள்விகளைக் கேட்கிற ஒரு பொருளாளர், ஊழியரின் குடும்பத்தைச் சாராத, அவரிடம் சம்பளம் வாங்காத இரண்டு பேர், அதில் ஒருவராவது பெண். இவர்கள் இருக்கிற சபையை நான் அதிகம் நம்புவேன். ஆண்டுக் கணக்கை விசுவாசிகள் முன் வாசிக்கத் தயங்குகிற சபை எனக்கு ஒருபோதும் நிம்மதி தந்ததில்லை.

வானியேவின் நூல்களை என்ன செய்வது, ரவியின் பிரசங்கப் பதிவுகளை அழித்துவிடலாமா என்று கேட்கிறார்கள். பதிப்பகங்கள் ரவியின் புத்தகங்களை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டன. அவருக்கு ஊழிய அங்கீகாரம் தந்த சபை, இறந்த பிறகும் அதைத் திரும்பப் பெற்றது. அவருடைய ஊழியம் பழைய வடிவில் இன்று இல்லை. லார்ஷ் வேறு வழியில் போனது. தன் நிறுவனரைப் பற்றிய மோசமான செய்தியைத் தானே தேடி, தானே வெளியிட்டு, பேச முன்வந்த பெண்களுக்கு நன்றி சொன்னது. இல்லங்கள் தொடர்கின்றன, ஏனென்றால் அவை வானியேவின் சொத்து அல்ல. அங்கே வாழ்கிறவர்களுடைய வீடு. அவரைப் படித்து உங்களுக்குள் நடந்த நல்லது உண்மையாகவே நடந்தது. அதை யாரும் உங்களிடமிருந்து பிடுங்க முடியாது. ஆனால் அந்தப் புத்தகத்தை ஞாயிறு பள்ளியில் பரிசாகக் கொடுப்பதற்கு முன், பாதிக்கப்பட்ட ஒரு பெண் அதே அறையில் உட்கார்ந்திருக்கலாம் என்று நினைத்துப் பார்ப்பது நம் கடமை. அவர் படத்தைச் சுவரிலிருந்து இறக்குவதில் எனக்குத் தயக்கமே இல்லை.

உடனே மன்னிக்கச் சொல்கிற வழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அழுதுகொண்டே மேடையில் மன்னிப்புக் கேட்கிற ஊழியரை மூன்றே மாதத்தில் மறுபடி பிரசங்க பீடத்தில் ஏற்றுகிறோம். மன்னிக்கிற உரிமை முதலில் பாதிக்கப்பட்டவருக்கு. சபை அவருக்காக அவசரப்பட முடியாது. மன்னிக்கப்பட்டவர் திரும்பவும் ஆட்டுமந்தைக்குப் பொறுப்பாக வர வேண்டும் என்று எந்த வேதமும் சொல்லவில்லை.

இனிச் சட்டம். திருச்சபை தனி நாடு அல்ல. நாட்டின் சட்டம் வாசலுக்குள்ளும் செல்லும். 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டம். குற்றம் நடந்தது தெரிந்தவர் யாராக இருந்தாலும் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது அதன் 19ஆம் பிரிவு. சொல்லாமல் மறைத்தால் சிறை உண்டு. நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் மறைத்தால் ஓராண்டு வரை. குற்றம் செய்தவர் சமய நிறுவனத்தின் நிர்வாகியோ பணியாளரோ என்றால் அது இன்னும் கடுமையான குற்றம். வயதுவந்த பெண் என்றால், தன் பதவியையோ தன்மேல் வைக்கப்பட்ட நம்பிக்கையையோ பயன்படுத்தி, தன் பொறுப்பில் உள்ள பெண்ணை உறவுக்கு இணங்கவைப்பதைக் குற்றமாக்குகிறது 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 68ஆம் பிரிவு; 5 முதல் 10 ஆண்டு வரை சிறை. ஒரு குறிப்பிட்ட வழக்குக்கு எந்தப் பிரிவு பொருந்தும் என்பதை வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும். ஆனால் இணங்கினாளே என்ற ஒரே பதிலில் விஷயம் முடிந்துவிடாது என்பதை மட்டும் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

பணியிடப் பாலியல் தொல்லைக்கான 2013ஆம் ஆண்டுச் சட்டம் அறக்கட்டளைகளுக்கும் சங்கங்களுக்கும் பொருந்தும். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் உள்ளகக் குழு கட்டாயம். தலைமை ஒரு பெண்ணிடம், உறுப்பினரில் பாதிப்பேராவது பெண்கள், வெளியாள் ஒருவர். திருச்சபை நடத்தும் பள்ளி, மருத்துவமனை, அலுவலகம், ஊழிய நிறுவனம் எதற்கும் விதிவிலக்கு இல்லை. 10 பேருக்குக் குறைந்த இடமென்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். புகாருக்கு மூன்று மாதக் கெடு உண்டு. தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். எழுத முடியாதவருக்கு எழுத உதவுவது குழுவின் வேலை.

கத்தோலிக்கத் திருச்சபைக்குள் 2019இல் திருத்தந்தை பிரான்சிஸ் ஒரு ஆணை பிறப்பித்தார். புகாரைப் பெற ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் எளிதில் அணுகக்கூடிய ஏற்பாடு இருக்க வேண்டும், ஆயர் மேலேயே புகார் வந்தாலும் விசாரிக்க வழி வேண்டும் என்பது அது. 2023இல் அதை நிரந்தரமாக்கினார். உங்கள் மறைமாவட்டத்தில் அந்த ஏற்பாடு எங்கே இருக்கிறது, யார் பொறுப்பு என்று பங்கு அலுவலகத்தில் கேளுங்கள்; பதில் சொல்ல முடியவில்லை என்றால் அதையும் எழுதிக் கேளுங்கள். ஒப்புரவு அருட்சாதனத்தில், அதாவது பாவசங்கீர்த்தனத்தில், சொன்னது புகார் ஆகாது. கேட்ட குரு அதை வெளியே சொல்லவே முடியாது. அதனால் பாவசங்கீர்த்தனத்துக்கு வெளியே வந்து, இன்னொருவர் முன்னிலையில் சொல்ல வேண்டும்.

நாளைக்கு ஒரு பெண்ணோ பிள்ளையோ உங்களிடம் வந்து சொன்னால், ஊழியரிடம் போய் உண்மையா என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் முதலில் எச்சரிக்கையாவது அவர்தான். சொல்பவரை முழுவதும் பேசவிடுங்கள். ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்காதீர்கள். குறுஞ்செய்தி, பணம் அனுப்பிய ரசீது, தேதி எதையும் அழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். பெயரை ஜெபக்குறிப்பாகக்கூட வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது தண்டனைக்குரிய குற்றம். பிள்ளை என்றால் 1098, பெண் என்றால் 181, உடனடி ஆபத்து என்றால் 112. பல ஆண்டு கழிந்துவிட்டது என்று தயங்க வேண்டாம். பாலியல் வன்முறை போன்ற கடும் குற்றங்களுக்குக் காலக்கெடு கிடையாது. சம்பவம் எந்த ஊரில் நடந்திருந்தாலும் அருகிலுள்ள காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கையைப் பதியலாம். அவரோடு கூடப் போங்கள். அறிக்கையின் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டியது காவல் நிலையத்தின் கடமை; அது கைக்கு வரும்வரை அங்கேயே இருங்கள்.